வெள்ளிக்கிழமைச் சட்டி

சொதியில் தேங்காயின் முதல் பாலை விட்ட பிறகு கை நிற்கக் கூடாது. தீயைத் தணித்து, அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேறு எதையாவது நினைத்து ஒரு கணம் நின்றாலும் பால் திரைந்துவிடும். என் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த சமையலில் எனக்கே இயல்பாக வந்த பாடம் அது ஒன்றுதான். நிற்காமல் இருப்பது எனக்குப் பிறவிக் குணம்.

கண்டி மஹய்யாவவில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் நின்றால் மாத்தளைக்குப் போகும் ரயில் கேட்கும். சுரங்கத்துக்குள் நுழையுமுன் ஒரு கூவல். பிறகு மலை அதை விழுங்கிவிடும். பிறகு ஒன்றுமில்லை, அரிசி களைந்த தண்ணீர் சாக்கடைக் கானில் ஓடும் சத்தம் மட்டும். அந்த ஒன்றுமில்லாத நேரத்தில்தான் என் உள்ளங்கால் கூசும். யாரோ கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டப் போகிறார்கள், ஆற்றைப் பார்க்கப் போகிறார்கள், நான் இங்கே சட்டியும் கையுமாக. அந்த ரயிலில் போகிறவர்களில் பாதிப் பேர் சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோகிறவர்கள், பாதிப் பேர் தூங்கி வழிகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கூசும்.

கல்யாணத்துக்கு முன் நான் பாடசாலையில் படிப்பித்தவள். இரண்டு பிள்ளைகள் பிறந்த பின் அந்தச் சுண்ணாம்புக் கட்டி கையை விட்டுப் போயிற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குச் சுவாமி என்னை நிறுத்தினார். வத்தேகமவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாடசாலை, தோட்டத்துப் பிள்ளைகள், கீழ் வகுப்புக்கு ஆள் வேண்டும், தைப் பொங்கல் கழிந்து திறக்கும்போது வர முடியுமா? காலை ரயிலில் போய்ச் சாயந்தர ரயிலில் திரும்பிவிடலாம் என்றார். “வீட்ல கேட்டுச் சொல்றேன் சுவாமி” என்றேன். வாய் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கால் ஸ்டேஷன் பக்கம் திரும்பியிருந்தது.

வீட்டில் கேட்பது என்றால் மாமாவைக் கேட்பது. என் கணவரின் அப்பா. கண்டிக் கடைவீதியில் ஒரு புடவைக் கடையில் ஆயுள் முழுக்கத் துணி அளந்தவர். என் கணவர் என்னைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தபோது மாமா கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கே வரவில்லை. பிறகு முழங்கால் வீங்கி, கடையில் நிற்க முடியாமல் போனதும், ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு முருகன் படமுமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். முன்னறையில் மாதா படம் மாட்டியிருந்த சுவருக்கு நேர் எதிர்ச் சுவரில் முருகனை மாட்டினார். இரண்டு படங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. நடுவில் நான் போவதும் வருவதுமாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு இறைச்சி கிடையாது, மீன் உண்டு. மாமாவுக்கு மீனும் கிடையாது. அன்றைக்குக் குளித்து, திருநீறு பூசி, முருகனுக்கு விளக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். மற்ற நாட்களிலும் அவருக்குச் சில கட்டளைகள் உண்டு. காலையில் ஆக்கிய சோறு மத்தியானம் தொண்டையில் இறங்காது, சுடச்சுட வேண்டும். வெளியாள் கையால் சாப்பிட மாட்டார். வீட்டு ஆள் கையாக இருக்க வேண்டும். வீட்டு ஆள் என்றால் நான். நான் ரயிலில் இருந்தால்?

“அப்ப சமைக்கிறது யாரு?” என்று கேட்டார் கணவர். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். எதையும் இரண்டு முறை கேட்டுத்தான் பழக்கம். “யாருன்னு சொன்ன?”

“பிள்ளைங்க.”

“அவளுக்கு ஒம்பது வயசு. அவனுக்கு ஏழு.”

“இங்க பள்ளிக்கூடத்துல கீழ் வகுப்புங்கள மத்தியானத்தோட விட்டுர்றாங்கல்ல. வந்து அடுப்ப மூட்டி…”

“வீட்டக் கொளுத்தவா?”

முன்னறைக் கதிரையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. என்னிடம் நேராகப் பேசுவது அவருக்கு அபூர்வம்; சுவரிடமோ முருகனிடமோதான் பேசுவார். “டீச்சரம்மா ரயிலேறிப் போவாங்களாம். நாம இங்க பொடுசுங்க பொங்கிப் போட்டதத் தின்னுட்டுக் கெடக்கணுமாம். கேட்டுக்கப்பா முருகா.”

கணவர் மழை அடித்த ஜன்னலைச் சாத்தினார். பிறகு சொன்னார்: “சரி, சொல்லிக் குடு. போய்ப் பாரு. ஆனா ஒண்ணு. அப்பா ஒரே ஒரு நாள் பட்டினியாக் கெடந்தாருன்னு வையி, மறுநாள் நீ ரயிலேறக் கூடாது. சம்மதமா?”

“சம்மதம்.”

சொல்லிவிட்டேன். அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்து தீ சீறியது. போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

அந்த மார்கழி முழுக்க மழை. ஹந்தானை மலைத் தோட்டத்துப் பக்கத்திலிருந்து கட்டுக் கட்டாய் வரும் தேயிலை மிளாறுதான் எங்கள் விறகு. கவ்வாத்து வெட்டிய கிளைகள். காய்ந்திருந்தால் வெடித்து எரியும். ஈரமானால் புகை மட்டும்தான். புகைக்குள்ளே மகள், மகன், நான், மூவரும் இருமிக்கொண்டு. ஊதுகுழலைக் கையில் கொடுத்தால் மகன் கன்னத்தை உப்பி நாதஸ்வரக்காரன் மாதிரி ஊதுவான், தீ அணைந்துபோகும். கன்னத்தால் ஊதாதே, வயிற்றால் ஊது, விட்டு விட்டு ஊது என்று சொன்னேன். வயிற்றில் கை வைத்துக் காட்டினேன். அவன் என் வயிற்றைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஒங்களுக்குக் காத்து நெறைய இருக்கு” என்றான்.

சோறு முதல் தோல்வி. வடிக்கக் கற்றுக்கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொதிக்கும் சட்டியைச் சாய்க்கிற கை அது இல்லை. தண்ணீரை அளந்து வைத்து வற்ற விடுவதைச் சொல்லிக்கொடுத்தேன். அரிசிக்கு மேல் விரலை நட்டு, முதல் கணு வரைக்கும் தண்ணீர். என் அம்மா அப்படித்தான் சொன்னாள், நானும் அப்படித்தான் சொன்னேன். மகள் தன் விரலை நட்டாள், தன் கணுவரை ஊற்றினாள். மாமாவின் பீங்கான் தட்டில் அதைப் போட்டபோது அவர் ஒரு பருக்கையை எடுத்துப் பீங்கானின் விளிம்பில் தட்டினார். டக் டக் என்றது.

“கல்லுப் பொறுக்காமயே ஒல வச்சிட்டியா ஆத்தா?”

“கல்லு இல்ல தாத்தா. சோறு.”

“சோறா! நானும் பல்லக் கழட்டி வச்சிட்டுத்தான் வந்திருக்கணும்.”

மகள் அழவில்லை. அவள் அழுகிற பிள்ளை இல்லை, முறைக்கிற பிள்ளை. தன் விரலையும் என் விரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். என்னுடைய ஒரு கணுவுக்குள் அவளுடைய கணு ஒன்றும் இன்னும் கொஞ்சமும் அடங்கின. எத்தனையோ வருஷம் என் விரலையே அளவுகோலாக வைத்துச் சமைத்தவள் நான். உலகத்தில் வேறு விரலும் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கே ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து மழுக்கி அளவாக்கினோம். இத்தனை சிரட்டை அரிசிக்கு இத்தனை சிரட்டை தண்ணீர். மகன் அந்தச் சிரட்டைக்குக் காவல். அதில் யார் தண்ணீர் குடித்தாலும் கத்துவான்.

தேங்காய் துருவுகிற பலகையில் அவன் உட்கார்ந்தால் பலகையே எழும்பும், பாரம் போதாது. அதனால் மகள் அவனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்வாள். இருவரும் ஒரே மாட்டுவண்டியில் போகிறவர்கள் போல் முன்னும் பின்னும் ஆடி ஆடித் துருவுவார்கள். துருவல் பாதி பீங்கானில், பாதி அவன் மடியில், கொஞ்சம் வாயில். பால் பிழிந்து, முதல் பாலை வேறாக எடுத்து வைத்து, இரண்டாம் பாலில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வேகவிட்டு, கடைசியில் முதல் பால். கை நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று நான் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பேன். தூரத்தில் ரயில் கூவினால் என் குரல் இன்னும் வேகமாகும். வெரசா, வெரசா.

ஒரு நாள் மகள் அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு திரும்பினாள். “எதுக்கும்மா சும்மா வெரசா வெரசாங்கறீங்க? அரிசிக்குக் காது கேக்குமா?”

அரிசிக்கு வேகிற நேரம் ஒன்று இருக்கிறது; அதற்கு ரயில் தெரியாது. தையை நோக்கி நான் ஓடிக்கொண்டிருந்தேன், பிள்ளைகளையும் பருப்பையும் உப்பையும் இழுத்துக்கொண்டு. பருப்பு அதன் பாட்டில் வெந்தது.

பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு வாத்தியாரின் மனைவி இருந்தார். வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்டார்: “பிள்ளையளை அடுப்படியிலை விட்டிட்டு நீங்கள் ரயிலிலை போகப் போறியளாம், உண்மையே?”

“ஓம்” என்றேன், அவர் பேச்சிலேயே.

“வடிவாத்தான் இருக்கு” என்றார். அழகாக இல்லை என்பதை அதைவிட வடிவாகச் சொல்ல முடியாது.

சம்பலை மட்டும் நான் அவர்களிடம் முழுதாக விடவில்லை. அம்மிக் குழவி பாரம்; விரல் நசுங்கும். மற்ற நாட்களில் மகள் கொஞ்சம் நான் கொஞ்சமாக அரைப்போம். வெள்ளிக்கிழமைகளில் நானே அரைத்தேன். அவள் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பாள். கண் கொட்டாமல் பார்க்கிற பிள்ளை. தை பிறப்பதற்குள் குழவி அவள் கைக்கும் படிந்துவிட்டது. இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கி, முழு உடம்பாலும் தள்ளுவாள். மிளகாய், உப்பு, தேங்காய்ப்பூ, வெங்காயம், இடித்த மாசி, கடைசியில் தேசிக்காயைப் பிழிந்த புளி. நாக்கை நீட்டி உப்புப் பார்ப்பாள். என்னைவிட ஒரு கல் உப்புக் கூடுதலாகப் போடுவாள். அது அவள் கை.

பொங்கலுக்கு மாமாவுக்காகப் புதுச் சட்டி வாங்கினோம். முற்றத்தில் அவர் பொங்கல் பொங்கினார். பொங்கினது அவர், வைத்தது நான். அவர் கதிரையில் இருந்தபடி “பொங்கலோ பொங்கல்” மட்டும் சொன்னார். அந்தச் சட்டியைக் கழுவி அடுப்படியின் மேல் பலகையில் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்துப் பாடசாலை திறந்தது. காலையில் இருட்டு முழுதாய் விலகுமுன் ஸ்டேஷனை நோக்கி நடந்தேன். நடந்தேன் என்று சொல்ல முடியாது. ரயிலில் ஜன்னலோரம் நின்றேன், உட்கார்ந்திருக்க முடியவில்லை. சுரங்கத்துக்குள் நுழைகிறபோது அது கூவியது. அந்தக் கூவலை உள்ளேயிருந்து கேட்டால் அவ்வளவு பெரிதாக இல்லை. கரி வாசனை. இருட்டு. அப்புறம் வெளிச்சம், வாழைத்தோப்பு, ஆறு. வத்தேகமவில் இறங்கி ஈர மண் பாதையில் நடக்கும்போது என் நிழல் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதையும் பிடித்து முந்தவேண்டும் போல் இருந்தது.

முதல் சில நாட்கள் நன்றாகப் போயின. சாயந்தரம் வீடு வந்ததும் கணவர் கேட்பார்: “அப்பா, மத்தியானம் சாப்ட்டீங்களா?” மாமா முருகனைப் பார்த்துக்கொண்டு, “ஏதோ வச்சாங்க, தின்னேன்” என்பார். நான் மூச்சு விடுவேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள்.

பிறகு வெள்ளிக்கிழமை வந்தது.

மத்தியான இடைவேளை. பாடசாலை முற்றத்தில் பிள்ளைகள் வாழையிலைப் பொதிகளை அவிழ்த்தார்கள். என் வகுப்பில் ஒரு சின்னப்பெண், தோட்டத்து லயத்திலிருந்து நடந்து வருகிறவள், ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்திருந்தாள். அவள் இலையைத் திறந்ததும் அந்த வாசனை எழுந்தது. இடித்த மாசியின் வாசனை. எனக்குப் பசியாக இருந்தது. முதலில் நாக்கில்தான் ஊறியது. அடுத்த நொடி என் பொதியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

வெள்ளிக்கிழமை சம்பல் அரைக்கும்போது நான் என்ன செய்வேன்? மாசி போடுமுன், அம்மியிலிருந்து ஓர் உருண்டை வழித்துத் தனியாக வைப்பேன். அது மாமாவுக்கு. அதன் பிறகுதான் மாசியைச் சேர்த்து எங்களுக்கு அரைப்பேன். ஒவ்வொரு வெள்ளியும் செய்தேன். கை செய்தது. வாய் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. மூச்சு விடுவதை யாராவது சொல்லிக்கொடுப்பார்களா? மகள் பக்கத்தில் குந்தியிருந்து கண் கொட்டாமல் பார்த்தாள். அவள் என்ன பார்த்தாள்? முதல் உருண்டை தாத்தாவுக்கு. பெரியவர், அதனால் முதல். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தாத்தாவுக்கு மீன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். மீன் குழம்பை அவர் பீங்கானுக்கு அருகில்கூடக் கொண்டுபோக மாட்டாள். ஆனால் கருவாடாய்க் காய்ந்து இடித்த மாசியை மீன் என்று யார் நினைப்பார்கள்? மரச்சிராய் மாதிரி இருக்கிறது. உப்பு மாதிரி, மிளகாய் மாதிரி, சம்பலில் இருக்கிற ஒரு சாமான். எங்கள் வீட்டில் மாசி இல்லாத சம்பலை அவள் தின்றதே இல்லை.

“என்ன டீச்சர், பூச்சி கீச்சி கடிச்சிருச்சா?” என்றார் தலைமையாசிரியர். “வெறுங்கையோட நின்னுக்கிட்டு இருக்கீங்க.”

“ஒண்ணுமில்லீங்க சார்.”

சாயந்தரம்வரை ரயில் இல்லை. அந்த மத்தியானத்தில் நான் என்ன படிப்பித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வகுப்பின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்துகொண்டே இருந்தேன். பிள்ளைகளின் தலைகள் என்னோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பின. என் மனத்தில் ஒரு பீங்கான் தள்ளப்பட்டுக்கொண்டே இருந்தது. அவர் தள்ளிவிடுவார், அதில் சந்தேகமில்லை. திருநீற்றோடு உட்கார்ந்து மாசியைத் தின்கிறவர் இல்லை அவர். தள்ளிவிட்டால் பட்டினி. பட்டினி என்றால் திங்கட்கிழமை ரயில் என்னை விட்டுவிட்டுப் போகும். பின்வாசலில் நின்று மறுபடி அந்தக் கூவலைக் கேட்பேன். இந்தச் சின்னப்பெண்ணுக்கு ‘ஆ’வன்னாவின் சுழி இன்னும் வரவில்லை, அதை வேறொருத்தி வந்து சொல்லிக்கொடுப்பாள்.

திரும்பி வரும் ரயில் எப்போதும் இல்லாதபடி ஊர்ந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஆறு மழைத்தண்ணீரோடு மண்ணிறமாக ஓடியது. ரயிலைவிட அது வேகம். கண்டி ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஓடினேன். டீச்சர் ஒருத்தி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடுவதை மஹய்யாவ முழுக்கப் பார்த்தது. யாழ்ப்பாணத்து அம்மா வேலிக்கு மேல் எட்டினார். நான் நிற்கவில்லை.

கணவர் இன்னும் வந்திருக்கவில்லை. மாமா கதிரையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். நெற்றியில் திருநீறு. புருவத்திலும் இருந்தது. மீசையிலும் இருந்தது. காது மடலில்கூட. திருநீறு அங்கெல்லாம் பூசுவார்களா என்று நான் பார்த்துக்கொண்டு நிற்கையில் பிள்ளைகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து என்னை உள்ளே இழுத்துப்போனார்கள். இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“அம்மா, மாசி மீனா?” என்றாள் மகள். அதுதான் முதல் கேள்வி.

“மீன்தான்.”

“ஏன் சொல்லல?”

“தாத்தா பீங்கானத் தள்ளிட்டாரு!” என்றான் மகன், ஏதோ கோயில் தேர் சாய்ந்த கதையைச் சொல்கிற பரபரப்போடு. “மூக்குக்கிட்ட வச்சாரு, தள்ளிட்டாரு. சொதி ஊத்துறேன்னு அக்கா சொன்னா. சம்பல் எடுத்த அதே அகப்பைதானேன்னு கேட்டாரு. அதே அகப்பைதான்னு நாஞ் சொன்னேன்.”

“இவன் வாய மூடிட்டு இருந்திருக்கலாம்” என்றாள் மகள்.

“பொய் சொல்லச் சொல்றியா?”

“அப்பறம்?” என்றேன். உட்கார முடியாமல் அடுப்படி வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் நடந்தது இது. மாமா எழுந்து கையைக் கழுவிவிட்டுப் போய்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் அவர் முன்னால் போய் நின்றாள். முறைத்தாள் என்று நினைக்கிறேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. “நீங்க சாப்புடலன்னா அம்மா ரயில்ல போக முடியாது” என்றிருக்கிறாள். மாமா சுவரைப் பார்த்தார். “அதுக்கு நா என்னா செய்றது? எஞ்சாமிக்கு ரயிலத் தெரியுமா?” மகள் நகரவில்லை. “ஒங்களுக்குப் பசிக்கலியா?” என்றாள். “பசிக்கத்தான் பசிக்குது” என்று சொல்லிவிட்டார் மனுஷன். அந்த ஒரு சொல் போதும். மகன் ஓடிப்போய் அலுமாரிக்குப் பக்கத்திலிருந்து முக்காலியை இழுத்துக்கொண்டுவந்து, மேல் பலகையில் கவிழ்த்திருந்த பொங்கல் சட்டியை இறக்கினான்.

“இதுல மாசியே பட்டதில்ல தாத்தா. மோந்து பாருங்க.”

மோந்து பார்த்தாராம். பிறகு கம்பை ஊன்றிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அடுப்படி நிலையைத் தாண்டியதில்லை. முக்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கத்தான் வந்தார், பிள்ளைகள் விட்டால்தானே. மகள் அகப்பையைச் சாம்பல் போட்டுத் தேய்க்கப் போய்விட்டாள். துருவுபலகையில் மகனுக்குப் பின்னால் உட்காரப் பாரம் இல்லை. “தாத்தா, காலத் தூக்கி இதுமேல வைங்க. வீங்காத காலு.” வைத்தார். பலகை அசையவில்லை. மகன் துருவினான்.

கஞ்சிக்குத் தண்ணீர் ஊற்றும்போது மாமா தன் விரலைச் சட்டிக்குள் விடப் போனார். துணி அளந்த விரல். அளவென்றால் விரல் நீளும் போலிருக்கிறது.

“வெரல விடாதீங்க!” என்று மகன் கத்தினானாம். “ஆளுக்கு ஆளு வெரலு வேற. சிரட்டைதான் அளவு.”

“கடையில என்னைய அளவு தப்புன்னு ஒருத்தனும் சொன்னதில்லடா.”

“அது துணி தாத்தா.”

தீ அணைந்தது. மிளாறு ஈரம். மாமா ஊதுகுழலை வாங்கி ஊதினார், கன்னத்தை உப்பிக்கொண்டு. அடுப்பிலிருந்த சாம்பல் முழுதும் எழும்பி அவர் முகத்துக்கே திரும்பியது. பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்ததற்குத் திட்டு வாங்கினார்கள். மகன் அவர் வயிற்றில் கையை வைத்து, “கன்னத்தால இல்ல தாத்தா, இங்கேருந்து, விட்டு விட்டு” என்று சொல்லிக்கொடுத்தான். தீ பிடித்தது. தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி. மகள் கிண்டினாள், கை நிற்காமல்.

இதைச் சொல்லி முடிக்குமுன் கணவர் வந்துவிட்டார். சப்பாத்தைக் கழற்றினார். தோளில் நனைந்த கோட்டை ஆணியில் மாட்டினார். வழக்கமான கேள்வி வந்தது. “அப்பா, மத்தியானம் சாப்ட்டீங்களா?”

நான் அடுப்படி நிலையில் நின்றேன். பிள்ளைகள் என் சேலையைப் பிடித்திருந்தார்கள்.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா எனக்கு மாசிச் சம்பல் வச்சாங்க” என்றார் மாமா.

கணவர் என்னைப் பார்த்தார்.

“தள்ளிட்டேன்” என்றார் மாமா.

“அப்ப பட்டினியா?”

மாமா கண்ணைத் திறந்தார். முருகனைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. ஊதி ஊதிச் சிவந்த கண்ணோடு மகனைப் பார்த்தார். “பட்டினி கெடக்க விட்டாத்தானே? காலத் தூக்கு, வயித்தால ஊது, வெரல விடாதே. ஒரு கஞ்சி குடிக்கிறதுக்குள்ள என்னைய வேல வாங்கிட்டானுங்க.”

“கஞ்சியா? யாரு வச்சா?”

“தீ நான் மூட்டுனது” என்றார் மாமா. அதில் ஒரு கர்வம் இருந்தது. துணிக்கடையில் நல்ல பட்டைப் பிரித்து விரித்துக் காட்டுகிறவரின் கர்வம். “உப்பு மட்டும் கூட. இந்தப் பொண்ணு கையே அப்படி.”

கணவர் இரண்டாம் முறையும் கேட்பவர். “அப்ப, பசியா இருந்தீங்களா இல்லியா?”

“இருந்தேன். கொஞ்ச நேரம். அதுக்கென்னா இப்ப?” என்று எரிந்து விழுந்தார். பிறகு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆனால் என்னிடம்தான்: “திங்கக்கெழம போறவ போவட்டும். வெள்ளிக்கெழமைக்கு அந்தச் சட்டி தனி, அகப்பை தனி. மாசி டப்பாவ மேல தூக்கி வச்சிரணும். அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீ ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேணாம்.”

நிபந்தனை தோற்றதா ஜெயித்ததா என்று கணவருக்கே தெரியவில்லை போலிருந்தது. புருவத்துச் சாம்பலைச் சுட்டி, “மொகத்தக் கழுவிக்குங்க அப்பா” என்று மட்டும் சொன்னார். “திருநீறு” என்றார் மாமா. கழுவவில்லை.

சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. அடுப்படிக்குப் போய்ச் சட்டிகளைத் தொட்டுத் தொட்டு வைத்தேன். எல்லாம் கழுவியிருந்தது. எனக்கு விட்டுவைத்த வேலை ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் சமைத்தேன். ஞாயிறுகள் மட்டும் அடுப்படி என்னுடையது என்று நினைத்திருந்தேன். பூசைக்குப் போய்வந்த சேலையை மாற்றிவிட்டு, சொதிக்கு ஒரு சட்டியை எடுத்தேன். கைக்கு எது எட்டியதோ அதை.

“அம்மா!” என்று மகன் அலறினான். “அது வெள்ளிக்கெழமச் சட்டி!”

“சொல்லு. நல்லாச் சொல்லு” என்றது கதிரைக் குரல். “எத்தன நாளுதான் சொல்லிக் குடுக்கிறது.”

சட்டியைத் திரும்ப மேலே வைத்தேன். வேறு சட்டி. வெங்காயம் வெந்தது. முதல் பாலை விட்டேன். அகப்பையைக் கையில் எடுத்தேன். அப்போது தூரத்தில் ரயில் கூவியது. சுரங்கம் விழுங்கியது. ஒன்றுமில்லாத அந்த நேரம் வந்தது. நாளைக்கு அதில் நானும் இருப்பேன். ஜன்னலோரம், வத்தேகம வரை நின்றபடியே. இருந்தும் உள்ளங்கால் கூசியது. அப்படியானால் இத்தனை நாள் கூசியது ரயிலுக்காக இல்லையா? வேறு எதற்காக? யோசித்துக்கொண்டு நின்றேன்.

மகள் என் பக்கத்தில் வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பால் திரிதிரியாகப் பிரிந்து கிடந்தது. அவள் என் கையிலிருந்து அகப்பையை வாங்கி, விறகை வெளியே இழுத்துவிட்டு, சட்டியை இறக்கினாள்.

அன்றைக்கு எல்லோரும் அந்தச் சொதியைத்தான் ஊற்றிச் சாப்பிட்டோம். மாமா முதல் வாய் வைத்துவிட்டு, பல காலத்துக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்துப் பேசினார்.

“டீச்சரம்மா, சொதி திரைஞ்சு போச்சு.”

“ஆமா மாமா” என்றேன். “கை நின்னுருச்சு.”